கையில் 10,000 ரூபாய், வீடு மொட்டையாக இருக்கிறது

கேள்வி: மார்த்தாண்டத்தில் புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம். அலங்கரிக்க 10,000 ரூபாய்தான் மிச்சம். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி

பதில்: தக்கலை பக்கம்தானே? ஒரு நாள் அங்குள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய், மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பளபளக்கும் கறுப்புத் தரை, மரவேலை, ஜன்னல் வழியாக மெல்ல வடிந்து வரும் வெளிச்சம். அதைவிட அழகான அறையை நான் பார்த்ததில்லை. வெளிச்சத்தை மறைக்கும் கனத்த திரையை வாங்காதீர்கள். பழைய பருத்திச் சேலை போதும்.

அப்புறம், அம்மா வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். என் மாமியார் நெல் சுமந்த பனையோலைக் கடவப் பெட்டியில்தான் இன்று பேரனின் பொம்மைகள் கிடக்கின்றன. வருகிறவர்கள் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். சோபாவுக்கு அவசரமில்லை. பணத்தை ஒரு நல்ல மர பெஞ்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.