நாற்பது பேர் படிக்கும் வகுப்பும் அதன் ரிப்போர்ட் கார்டும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் ஒரு பள்ளி மாவட்ட அலுவலகத்தில் பல வருடம் மதிப்பெண் கணக்கோடு மல்லுக்கட்டியவள் நான். சின்ன அரசு உயர்நிலைப் பள்ளிகளையும், ஒவ்வொரு பள்ளியின் தேர்ச்சியையும் பிரிவுவாரியாகக் காட்டி வெளியிடப்படும் பள்ளி ரிப்போர்ட் கார்டையும் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, நாங்கள் வீடு பார்க்கும் ஊரில் பதினோராம் வகுப்பில் மொத்தமே 40 பேர். கணிதத் தேர்ச்சி போன வருடம் 70 சதவீதம், இந்த வருடம் 60. பள்ளி சரிகிறதா?

சதவீதத்தைத் தலைகளாக மாற்றிப் பாருங்கள். போன வருடம் 28 பேர், இந்த வருடம் 24 பேர். வித்தியாசம் நாலே நாலு பிள்ளைகள். ஒன்றுக்குக் காய்ச்சல், இன்னொன்று மார்ச் மாதம்தான் வந்து சேர்ந்தது என்றாலே பாதிக் கதை முடிந்தது. அதோடு இவர்கள் போன வருடப் பிள்ளைகளே இல்லை, வேறு செட். இந்த அளவு வகுப்பில் பத்துப் புள்ளி ஆடுவது சாதாரணம். மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

இதில் பெரிய இடங்களே சறுக்கியிருக்கின்றன. நன்றாகச் செய்யும் பள்ளிகளில் சின்னவை நிறைய இருப்பதைப் பார்த்து, 2000களின் தொடக்கத்தில் கேட்ஸ் அறக்கட்டளை உட்படப் பலர் சின்னப் பள்ளிகளுக்குப் பணத்தைக் கொட்டினார்கள். ஹோவர்ட் வெய்னர் என்ற புள்ளியியலாளர் பென்சில்வேனியா மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார். சின்னப் பள்ளிகள் பட்டியலின் உச்சியிலும் கூட்டமாக இருந்தன, அடியிலும் கூட்டமாக இருந்தன. தலை எண்ணிக்கை குறைந்தால் சராசரி இரண்டு பக்கமும் துள்ளும், அவ்வளவுதான். அடியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ரிப்போர்ட் கார்டில் 'ஏஷியன்' (ஆசியப் பிள்ளைகள்) வரிசையில் எண்ணே இல்லை, நட்சத்திரக் குறிதான் இருக்கிறது. எதையாவது மறைக்கிறார்களா?

மறைக்கத்தான் செய்கிறார்கள், உங்கள் பிள்ளைக்காக. அந்த வகுப்பில் ஆசியப் பிள்ளைகள் மூன்று பேர் என்று வையுங்கள். "தேர்ச்சி 0 சதவீதம்" என்று போட்டால் யார் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். மாணவர் தகவலைக் காக்கும் ஃபெர்பா சட்டம் 1974இலிருந்து இருக்கிறது. குறைந்தது எத்தனை பேர் இருந்தால் எண்ணை வெளியிடலாம் என்பதை மாநிலம் முடிவு செய்யும், பல இடங்களில் அது 10. சில சமயம் பக்கத்து வரிசையிலும் நட்சத்திரம் இருக்கும். மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்பதற்காக.

எண் இருந்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. மென்பொருள் வேலைக்கு வந்த நம் வீட்டுப் பிள்ளையும், லாவோஸிலிருந்து அகதியாக வந்த மோங் இனக் குடும்பத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான்.

இலவச மதிய உணவு 100 சதவீதம் என்று போட்டிருக்கிறது. எல்லாரும் அவ்வளவு ஏழைகளா?

இல்லை. முன்பெல்லாம் குடும்ப வருமானம் கேட்டுப் படிவம் வாங்குவார்கள்: வறுமைக்கோட்டின் 130 சதவீதம் வரை இலவசம், 185 வரை சலுகை விலை. 2010இல் வந்த சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏழைப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி முழுக்கவே இலவசமாகச் சாப்பாடு போடலாம் என்றது. அந்த அளவு முதலில் 40 சதவீதமாக இருந்தது, 2023இல் 25 ஆக இறக்கினார்கள். அதனால் 100 என்பது சாப்பாட்டுத் திட்டத்தின் எண்ணாக இருக்கலாம். உணவு உதவித்தொகை போன்ற அரசுத் திட்டங்களில் நேரடியாகப் பதிவான பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள், அது ஓரளவு உண்மைக்குப் பக்கம்.

சார் ஒருவர் சொல்கிறார், "எல்லாப் பிரிவும் முன்னேறியது, மொத்தம் மட்டும் இறங்கியது." கேட்கவே சிரிப்பாக இருக்கிறதே?

சிரிக்காதீர்கள், நடக்கும். 40 பேரில் போன வருடம் 30 பேர் ஆங்கிலம் சரளமானவர்கள், 24 பேர் பாஸ், அதாவது 80 சதவீதம். ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள் 10 பேர், 3 பாஸ், 30 சதவீதம். மொத்தம் 27. ஊரில் ஒரு ஆலை வந்தது, புதுக் குடும்பங்கள் வந்தன. இந்த வருடம் இரண்டு பிரிவிலும் 20 பேர். முதல் பிரிவில் 17 பாஸ், 85 சதவீதம். இரண்டாவதில் 8 பாஸ், 40 சதவீதம். இரண்டுமே ஏறியிருக்கின்றன. மொத்தம் மட்டும் 25! இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். இந்தப் பள்ளியைத்தான் வீட்டுத் தரகர்கள் "கீழே போகிறது" என்பார்கள். எனக்கு எரிச்சல் வரும் இடம் இது.

இன்னொன்று. ஆங்கிலத்தில் தேறிய பிள்ளையை அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். நன்றாகப் படிப்பவர் போய்க்கொண்டே இருந்தால் பிரிவு எப்படி உயரும்?

பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டம் (டிப்ளமா) பெறுவோர் 95 சதவீதம், கணிதத் தேர்ச்சி 35. எதை நம்புவது?

இரண்டையும். பாடங்களை முடித்து கிரெடிட் (பாடத்துக்கான புள்ளி) சேர்த்தால் பட்டம். மாநிலத் தேர்வில் 'தேர்ச்சி' என்பது வேறு கோடு. ஆனால் இடைவெளி இவ்வளவு பெரிதென்றால் வகுப்பில் மதிப்பெண் தாராளமாக விழுகிறதா என்று கேட்பதில் தப்பில்லை.

இணையதளத்தில் பள்ளியின் ரேட்டிங் 10க்கு 4. மகனைச் சேர்க்கலாமா? ஏ.பி. (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி அளவு) பாடங்களும் நாலைந்துதான்.

ரேட்டிங்கில் எந்தப் பங்கு சராசரி மதிப்பெண், எந்தப் பங்கு வளர்ச்சி என்று பாருங்கள். சராசரியில் குடும்பச் சூழல் பெரும்பங்கு என்பதை 1966லேயே கோல்மன் அறிக்கை என்ற அமெரிக்க அரசின் பள்ளி ஆய்வு சொல்லிவிட்டது. ஒரு வருடத்தில் பிள்ளை எவ்வளவு ஏறினான் என்பதுதான் பள்ளியின் கைவேலைக்கு நெருக்கம்.

ஏ.பி. எண்ணிக்கைக்காகக் கவலை வேண்டாம். பள்ளியில் என்னென்ன பாடம் உண்டு என்ற விவரத்தைப் பள்ளியின் கவுன்சிலர் (மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர்) கல்லூரிக்கு அனுப்புவார், அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். சின்னப் பள்ளியில் நிஜச் சிக்கல் டைம்டேபிள். கால்குலஸ் ஒரே வகுப்பு, பேண்ட் இசைக்குழுவும் ஒரே வகுப்பு, இரண்டும் மூன்றாம் பீரியடில் வந்தால் ஒன்றை விட வேண்டியதுதான். இயற்பியலுக்கு இருக்கும் ஒரே ஆசிரியர் மாறிப் போனால் அந்த வருடம் பாடமே இல்லாமல் போகலாம். அப்புறம், பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரி) பாடம் எடுக்க அனுமதி உண்டா, பஸ் யார் விடுவார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.