மணலிக் காற்றும் பெய்ஜிங் பாடமும்

வணக்கம் சார். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் டேட்டா சயின்ஸ் படிப்பை ஆன்லைனில் படிக்கிறேன். அதில் வந்த பெய்ஜிங் காற்று மாசுப் பயிற்சியை முடித்த கையோடு மணலிக்கும் போட்டுப் பார்த்தேன். பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள்) சராசரி 60 வந்த நாளுக்கு என் கணக்கில் காற்றுத் தரக் குறியீடு 100, ‘திருப்திகரம்’. செல்போன் ஆப்பிலோ 150-க்கு மேல், சிவப்பு. எங்கே தப்பு?
கலைவாணி

அன்புள்ள கலைவாணி,

இதில் தப்பே இல்லை. நீங்கள் போட்டது இந்திய அளவுகோல், ஆப் காட்டுவது அமெரிக்க அளவுகோல். நம் ஊரில் 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் வரை அனுமதி. அமெரிக்கக் கணக்கில் 55.5-லேயே ‘ஆரோக்கியமற்றது’ தொடங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வரம்பு வெறும் 15. ‘திருப்திகரம்’ என்ற பெயரை வைத்தவருக்கு மணலியில் வீடு இருக்காது என்று நினைக்கிறேன். குறியீட்டை விடுங்கள், மைக்ரோகிராமிலேயே எழுதுங்கள். எந்த நாட்டுக்காரருக்கும் புரியும்.

நான் பயப்படுவது காலிக் கட்டங்களுக்குத்தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் இறக்கும் கோப்பில் கருவி ஓடாத மணிகள் காலியாக இருக்கும். 2010 முதல் 2014 வரையிலான அந்தப் பெய்ஜிங் தரவை வைத்து நடத்தும் சில பாடங்களில் காலி இடத்தில் 0 போடச் சொல்வார்கள். போட்டால் என்ன ஆகும்? 16 மணி நேரச் சராசரி 60, மீதி 8 மணி காலி என்றால் நாள் சராசரி 40-க்கு இறங்கிவிடும். கருவி கெட்டால் காற்று சுத்தமாகிவிட்ட கதை! காலியைக் காலியாகவே விடுங்கள். 16 மணி நேரத்துக்கும் குறைவாகப் பதிவான நாளை மொத்தமாகக் கழித்துவிடுங்கள். வாரியமும் குறியீடு போட அவ்வளவு மணிகளாவது கேட்கிறது.

அடுத்த சிக்கல் காற்றின் திசை. பெய்ஜிங் கோப்பில் வடமேற்கு, தென்கிழக்கு என்று எழுத்தாகவே பிரித்திருப்பார்கள், அதனால் பாடம் இதைத் தொடாது. மணலிக் கோப்பில் பாகைதான் வரும். 350 பாகையும் 10 பாகையும் இரண்டுமே வடக்குக் காற்று. அப்படியே சராசரி எடுத்தால் 180, அதாவது தெற்கு. எந்தப் பக்கத்துப் புகை என்று தேடுகிறவருக்கு இதைவிட வேறு வினை வேண்டாம். பாகையை சைன், கோசைன் என்று பிரித்து, தனித்தனியே சராசரி எடுத்து, மறுபடி கோணமாக்குங்கள். கடற்காற்று அடிக்கும் பிற்பகலையும் இரவையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.