மாமிக்குக் கதிர்காமம், மகனுக்குச் சிறுத்தை

கேள்வி: வரும் மே விடுமுறையில் குடும்பத்தோடு ஏழு நாள் இலங்கைக்குப் போகிறோம். காட்டு விலங்குகளைப் பார்ப்பதுதான் முக்கிய நோக்கம். வீட்டுக்காரர் யூடியூப் பார்த்துப் போட்ட திட்டம் இது: வில்பத்து, மின்னேரியா, ஹோட்டன் சமவெளி, சிங்கராஜா, உடவளவை, யால, கடைசியில் மிரிசாவில் திமிங்கிலம். மகனுக்கு 9 வயது. சிறுத்தை பார்க்காமல் திரும்ப மாட்டானாம். மாமிக்கு 68 வயது, மூட்டுவலி உண்டு. அவருக்குக் கதிர்காமம் போக வேண்டும். "முருகனைப் பாக்காம எதுக்கு மக்கா அம்புட்டு தூரம் போணும்?" என்கிறார். எல்லாம் நடக்குமா?
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: உங்கள் வீட்டுக்காரர் போட்ட திட்டத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது எனக்கே இடுப்பு வலித்தது.

சின்னத் தீவுதானே, ஒரு சுற்று சுற்றிவிடலாம் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். முதல் தடவை நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இலங்கை பரப்பில் தமிழ்நாட்டில் சரிபாதி. முதுமலை, டாப்சிலிப், வேடந்தாங்கல், கோடியக்கரை, களக்காடு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மூட்டுவலிக்கார மாமியோடு பார்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். உங்கள் வீட்டுக்காரர் எழுதியிருக்கும் வழியில் போனால் ஆயிரம் கிலோமீட்டரை ஒட்டி வரும். கொழும்பிலிருந்து தெற்கே போகும் அதிவேக நெடுஞ்சாலையை விட்டு இறங்கிவிட்டால் மற்ற சாலைகளில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் போனாலே பெரிய காரியம். தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் போகும்போது பாலராமபுரத்தில் மாட்டிக்கொண்டு நிற்பீர்களே, அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் கொழும்புக்குப் போக ஒரு மணி நேரம்தான். தக்கலையிலிருந்து விமான நிலையம் போய்ச் சேரத்தான் அதைவிட நேரம் ஆகும்.

அடுத்தது மாதம். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டு பருவமழையும் நம் தலையில்தானே விழுகிறது. அந்தத் தீவுக்கும் இரண்டும் உண்டு. ஆனால் நடுவில் மலை நிற்பதால் ஒரு பக்கம் நனையும்போது மறுபக்கம் காயும். மே மாதத்தில் தென்மேற்கு மழை தொடங்கும். அப்போது சிங்கராஜா காடு சொட்டச் சொட்ட நிற்கும். 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மழைக்காடு அது. நீல நிறக் காட்டுக் காகம் போல உலகில் வேறெங்கும் இல்லாத பறவைகள் அங்கே உண்டு. ஆனால் ஜீப்பில் உட்கார்ந்து பார்க்கும் காடு இல்லை, நடந்துதான் பார்க்க வேண்டும். அட்டை ஏறும். கீரிப்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் போனவர்களுக்கு அதன் அருமை தெரியும். மாமிக்கு வேண்டாம். ஹோட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்துத் திரும்பும் பாதை ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர், முழுக்க நடை. அதையும் அடித்துவிடுங்கள்.

மிரிசாவில் திமிங்கிலம் பார்க்கும் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மே பிறந்துவிட்டால் அங்கே கடல் மாறத் தொடங்கும். ஆனி ஆடியில் குளச்சல் கடலைப் பார்த்தவர்கள் அந்தத் தென்கடலில் சுற்றுலாப் படகு ஏற ஆசைப்பட மாட்டார்கள்.

மின்னேரியாவைச் சொல்லும்போது கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுக்காரர் பார்த்த வீடியோவில் நூற்றுக்கணக்கான யானைகள் ஒன்றாக நின்றிருக்கும். அது உண்மைதான். ஆனால் ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் எடுத்த வீடியோவாக இருக்கும். மின்னேரியா காட்டின் நடுவில் இருப்பது மகாசேன மன்னன் மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய குளம். நம் ஊர்க் குளம் மாதிரிதான், அளவுதான் பெரிது. வறட்சியில் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, குளத்தடியில் பச்சைப் புல் முளைக்கும். சுற்றுக் காடெல்லாம் காய்ந்து கிடக்கும்போது அந்தப் புல்லுக்காக யானைகள் இறங்கி வருகின்றன. தண்ணீர் நிறைந்து நிற்கும் மாதத்தில் போய்ப் புல்வெளியைத் தேடினால் எங்கே கிடைக்கும்?

மிஞ்சுவது வில்பத்து, உடவளவை, யால. மே மாதத்துக்கு மூன்றுமே பொருந்தும். வில்பத்துதான் இவற்றில் எனக்குப் பிடித்தது. இலங்கையின் மிகப் பெரிய தேசியப் பூங்கா, கூட்டம் குறைவு, மழைநீர் தேங்கும் 'வில்லு' என்ற நீர்நிலைகள் காடு முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஆனால் அது வடமேற்கில், கதிர்காமம் தென்கிழக்கில். மாமியை வைத்துக்கொண்டு இரண்டையும் இழுக்காதீர்கள். வில்பத்து அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும்.

ஆக, கொழும்பில் இறங்கி நேரே உடவளவை, அங்கே இரண்டு இரவு. பிறகு திஸ்ஸமகாராமையில் மூன்று இரவு. யாலவும் கதிர்காமமும் அங்கிருந்து பக்கம். கடைசி இரவு விமான நிலையத்துக்கு அருகே நீர்கொழும்பில். ஏழு நாள் முடிந்தது. இரண்டே காடு என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். ஒரு காட்டுக்கு இரண்டு தடவையாவது போனால்தான் அதைப் பார்த்ததாகக் கணக்கு என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

முதலில் உடவளவைக்குப் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே யானை கட்டாயம் கண்ணில் படும். வளவை ஆற்றின் நீர்த்தேக்கத்தைச் சுற்றி 308 சதுர கிலோமீட்டர், பெரும்பாலும் திறந்த புல்வெளி. முதல் நாளே யானை பார்த்துவிட்டால் பையனுக்குப் பொறுமை வரும். அவன் உங்களிடம் ஒன்று கேட்பான், பதிலைத் தயாராக வைத்திருங்கள்: "ஏன் எல்லாமே பொம்பள யானையா இருக்கு?" நம் பக்கத்துக் காடுகளில் ஆண் என்றால் பெரும்பாலும் கொம்பன், கொம்பில்லாத மோழையைப் பார்ப்பது அரிது. இலங்கையில் தலைகீழ், நூறு ஆண் யானைக்குக் கொம்புள்ளவை பத்துகூடத் தேறாது. சிங்களத்தில் கொம்பில்லாத யானையை 'அலியா' என்பார்கள். ஜீப்காரர் கை நீட்டிச் சொல்வதும் இந்தச் சொல்லைத்தான்.

பக்கத்திலேயே தாயைப் பிரிந்த குட்டிகளை வளர்க்கும் யானைகள் இடைத்தங்கல் இல்லம் இருக்கிறது, 1995இல் தொடங்கியது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுப்பார்கள். குட்டிகள் வரிசையாக ஓடிவரும். புனல் மாட்டிய குழாயை வாயில் வைத்ததும் ஊற்ற ஊற்றக் குடிக்கும். ஒன்று குடித்து முடித்துவிட்டுப் போகாமல் பின்னால் வந்ததை முட்டித் தள்ளும். பணியாளர் அதன் முதுகில் தட்டி அனுப்புவார். கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை உட்காரப் பார்க்கும் பயல்களை நான் நினைத்துக்கொண்டேன். தொடவோ தீனி போடவோ விடமாட்டார்கள், மேடையிலிருந்து பார்க்க மட்டும்தான். வளர்ந்ததும் காட்டில் விட வேண்டிய குட்டிகள், மனித வாசனை பழகக் கூடாது. மாமியும் உட்கார்ந்தபடி பார்க்கலாம்.

யாலவுக்கு வருவோம். அங்கே என் முதல் சவாரி வீண். ஊரிலேயே ஒரு ட்ராவல்ஸ்காரரிடம் மொத்தமாகப் பணம் கட்டியிருந்தேன். ஜீப்காரருக்கு போனில் ஏதோ தகவல் வந்தது. வண்டி பறந்தது. போய்ச் சேர்ந்தபோது முன்னால் இருபதுக்கும் மேலே ஜீப்புகள், ஒரே புழுதி, ஆளுக்கு ஆள் எழுந்து நிற்கிறார்கள். புதருக்குள் வாலின் நுனி மாதிரி ஏதோ அசைந்தது. அதுதான் நான் பார்த்த சிறுத்தை. வழியில் தாண்டி ஓடிய மான், முதலை, மரத்தில் உட்கார்ந்திருந்த கழுகு ஒன்றையும் பார்க்க விடவில்லை.

இரண்டாம் முறை போனபோது ஜீப்காரரிடம் புறப்படும் முன்பே சொன்னேன்: சிறுத்தை தெரியாவிட்டாலும் டிப்ஸ் குறையாது, வேகம் வேண்டாம். அவருக்கு முகமே மாறிவிட்டது. சிறுத்தையைக் காட்டாவிட்டால் விருந்தாளி திட்டுவார் என்ற பயத்தில்தான் பாதிப் பேர் ஓட்டுகிறார்கள். 'ஹெமின் யமு' என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள், மெதுவாகப் போவோம் என்று அர்த்தம். அன்றைக்குச் சிறுத்தை வரவில்லை. ஆனால் ஒரு பாலை மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். மேலே கறுப்பாக ஒரு மூட்டை. மூட்டை நகர்ந்தது. கரடி! கிளையை வளைத்து இழுத்து, மஞ்சள் பழங்களை உதட்டால் உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கீழே வரை கேட்டது. ஜீப்பில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அரைமணி நேரம் யாரும் பேசவில்லை.

பாலைப்பழம் பழுப்பது மே முதல் ஜூலை வரை. மற்ற மாதங்களில் கரடியைக் காண்பது கடினம், பழக்காலத்தில் அதுவே மரமேறிக் காட்சி தரும். ஆகையால் பையனிடம் சிறுத்தையை மட்டும் சொல்லி ஏற்றிவிடாதீர்கள், கரடியையும் சொல்லுங்கள். யாலவில் சிறுத்தைக்கு வாய்ப்பு நல்லதுதான், உலகிலேயே சிறுத்தைகள் நெருக்கமாக வாழும் காடுகளில் அது ஒன்று. தீவில் புலியும் சிங்கமும் இல்லாததால் காட்டுக்குச் சிறுத்தைதான் ராஜா. ஒரு நாள் காலைச் சவாரி, இன்னொரு நாள் மாலைச் சவாரி என்று பிரித்துப் போடுங்கள். முழுநாள் சவாரி மாமிக்கு ஆகாது, உள்ளே கழிப்பறை வசதியும் நம்பும்படி இல்லை. செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடு வரை வறட்சிக்காக யாலவை வழக்கமாக மூடிவிடுவார்கள். காலாண்டு விடுமுறைக்குத் தள்ளிப்போடலாமா என்ற யோசனை வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

மாமியை ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார வையுங்கள். ஏறவும் எளிது, குலுக்கலும் குறைவு. பின்வரிசை இளசுகளுக்கு. முகத்தில் கட்ட ஆளுக்கொரு துண்டு; செம்மண் புழுதி மூக்கு வரை ஏறும். காட்டுக்குள் ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது. பட்டனங்கல என்ற கடற்கரையில் மட்டும் இறங்க விடுவார்கள். 2004 சுனாமியில் அங்கே இறந்தவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்டது நமக்குத் தெரியும். இறங்கினால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.

இனி மாமியின் விஷயம். கதிர்காமத்தில் அவர் எதிர்பார்க்கும் தரிசனம் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கருவறையில் திரை போட்டிருக்கும். வள்ளி தெய்வானையோடு முருகன் அந்தத் திரைச்சீலையில் ஓவியமாக இருப்பார். அதற்குத்தான் கும்பிடு. திரை விலகாது. சிங்களவரும் தமிழரும் ஒரே வரிசையில் பழத்தட்டோடு நிற்பார்கள். வேளிமலை குமாரகோவிலில் வள்ளி திருக்கல்யாணம் பார்த்தவர் என்றால், வள்ளியை முருகன் மணந்தது இங்கேதான் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும்போது மாமி சண்டைக்குப் போகக்கூடும். தடுக்காதீர்கள். கோயிலை ஒட்டி ஓடும் மாணிக்க கங்கையில் கால் நனைத்துவிட்டுப் போவது வழக்கம். அதே ஆறுதான் கீழே யால காட்டுக்குள் போய்க் கடலில் கலக்கிறது. வடக்கே யாழ்ப்பாணத்திலிருந்து பாதயாத்திரை வருகிறவர்களும் குமண, யால காடுகளுக்குள் நடந்துதான் கதிர்காமம் சேர்கிறார்கள். பையன் ஜீப்பில் பார்க்கும் காட்டை அவர்கள் வேல் ஏந்தி நடந்து கடக்கிறார்கள்.

பணக் கணக்கில் ஒரே எச்சரிக்கை. பூங்காக் கட்டணம் ஆள் கணக்கில் ஒன்று, அதற்கு மேல் சேவைக் கட்டணம், வண்டிக் கட்டணம், வரி என்று ஏறும். ஜீப் வாடகை தனி. 'சஃபாரி சேர்த்து' என்று சொல்லும் ட்ராவல்ஸ்காரரிடம் இவை ஒவ்வொன்றும் சேர்ந்ததா என்று எழுதி வாங்குங்கள். இந்தியா உள்ளிட்ட சார்க் கூட்டமைப்பு நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டவரைவிடக் கட்டணம் குறைவு, அதற்கு வாசலில் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். அறையில் பெட்டிக்குள் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். விசா விதி அடிக்கடி மாறுகிறது. டிக்கெட் எடுக்கும் முன் இலங்கை அரசின் இணையதளத்தைப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் போன கதையை நம்பாதீர்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. திஸ்ஸமகாராமை வழியில் மண்சட்டியில் எருமைத் தயிர் விற்பார்கள். கித்துல் என்ற கூந்தல் பனையின் பாணியை அதன்மேல் ஊற்றித் தருவார்கள். கருப்பட்டி தின்று வளர்ந்த நாக்குக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

புறப்படும் முன் ஒரு ஒத்திகை பார்த்துவிடுங்கள். காலைச் சவாரிக்கு நாலரை மணிக்கே எழ வேண்டும், ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது வரிசையில் நிற்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனை அந்த நேரத்துக்கு எழுப்பித் தேரூர் குளத்துக்குக் கூட்டிப் போங்கள். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நிற்கும். பைனாகுலரைக் கையில் கொடுத்து ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார வையுங்கள். உட்கார்ந்தான் என்றால் யாலவுக்குக் காலைச் சவாரி பதிவு செய்யுங்கள். எழுந்திருக்கவே இல்லை என்றால் இரண்டும் மாலைச் சவாரியாகவே போட்டுவிடுங்கள். காலையில் மாமியோடு அவனும் மாணிக்க கங்கையில் குளிக்கட்டும்.