ஜிம்னாஸ்டிக்ஸில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஆண் வீரர் யார்? ஏன்?

என் பதில்: கோஹெய் உச்சிமுரா, ஜப்பான்.

பதக்கக் கணக்கை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டாம், ஏன் என்று விளக்குங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. வெறும் கணக்கைப் பார்த்தால் உச்சிமுரா முதலிடத்தில் வர மாட்டார். ஜப்பானின் சவாவோ காட்டோவிடம் 8 ஒலிம்பிக் தங்கம் இருக்கிறது. சோவியத் வீரர் நிக்கோலாய் ஆந்திரியானோவ் 15 ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர். 2008-இல் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் வந்து முந்தும்வரை ஆண்களில் அதுதான் சாதனை. விட்டாலி ஷெர்போ 1992 பார்சிலோனாவில் ஒரே ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் எடுத்தார். உச்சிமுராவிடம் இருப்பது 3 தங்கம், 4 வெள்ளி, மொத்தம் ஏழு. இருந்தும் என் மனதில் அவர்தான் முதல் ஆள்.

நான் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவன். மாவட்டப் போட்டியோடு நின்றுவிட்டேன். பாரில் சுற்றிச் சுற்றி உள்ளங்கையில் காய்ப்பு ஏறும். ஒரு நாள் அந்தக் காய்ப்பு அப்படியே தோலோடு உரிந்து வரும். அன்று ராத்திரி சோறு பிசைய முடியாது, ரசம் பட்டால் உயிர் போகும். அம்மாதான் ஊட்டிவிடுவார். மறுநாள் அந்தக் கையிலேயே சாக் பவுடரைத் தடவிக்கொண்டு திரும்பவும் தொங்க வேண்டும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "மேல என்ன வேணா பண்ணுடா, கீழ வந்து நில்லு." நாங்கள் நிற்க மாட்டோம். ஒரு எட்டு முன்னால் போவோம், இல்லை பின்னால் சாய்வோம். அவர் மறுபடி ஏறச் சொல்வார்.

அதனால் யார் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தாலும் என் கண் முதலில் பாதத்துக்குத்தான் போகும். உச்சிமுராவைப் பார்க்க ஆரம்பித்தபோதும் அப்படித்தான். மனிதர் மேலேயிருந்து வந்து இறங்கினால் ஆணி அடித்த மாதிரி நிற்பார். மெத்தைதான் அமுங்கும், பாதம் நகராது.

அடுத்து, அவர் எதில் சாம்பியன் என்பதைச் சொல்ல வேண்டும். ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் ஆறு பிரிவுகள்: தரைப் பயிற்சி, பொமல் ஹார்ஸ் (கைப்பிடி வைத்த குதிரை மாதிரிக் கட்டை), ரிங்ஸ் (தொங்கும் இரண்டு வளையங்கள்), வால்ட் (ஓடி வந்து மேடையில் கை ஊன்றித் தாண்டுவது), பேரலல் பார் (இணையான இரண்டு கம்பிகள்), ஹை பார் (உயரத்தில் இருக்கும் ஒற்றைக் கம்பி). ஒவ்வொன்றும் வேறு வேறு உடம்பைக் கேட்கும். ரிங்ஸுக்குத் தோள் பலம் வேண்டும். வால்டுக்குக் கால் வேகம் வேண்டும். பொமல் ஹார்ஸில் கால் எங்கேயும் உரசாமல் கைகளை மட்டும் மாற்றி மாற்றி ஊன்றிச் சுழல வேண்டும். தோளில் சதை கூடினால் ரிங்ஸுக்கு நல்லது, பறந்து திரும்பும்போது அதுவே பாரம். இக்காலத்தில் பலர் ஒன்றிரண்டு பிரிவில் மட்டும் கவனம் வைக்கிறார்கள், அதில் தவறில்லை. இந்த ஆறையும் ஒரே நாளில் செய்து மொத்தப் புள்ளியில் யார் மேல் என்று பார்ப்பதுதான் ஆல் ரவுண்ட். உச்சிமுரா அதில் ராஜா. 2009 லண்டன், 2010 ராட்டர்டாம், 2011 டோக்கியோ, 2013 ஆண்ட்வெர்ப், 2014 நான்னிங், 2015 கிளாஸ்கோ என்று ஆறு உலகச் சாம்பியன் பட்டம். நடுவில் 2012 லண்டன், 2016 ரியோ ஒலிம்பிக் தங்கம். அதாவது எட்டு வருடம் உலகத்தில் யாரும் அந்த இடத்தை அவரிடமிருந்து வாங்க முடியவில்லை. உள்நாட்டுப் போட்டிகளையும் சேர்த்தால் ஆல் ரவுண்டில் தொடர்ந்து 40 வெற்றி. ஒரு சறுக்கல் விழுந்தாலே ஒரு முழுப் புள்ளி போகிற விளையாட்டில் இது எப்படி என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பிறந்தது கிட்டாக்யூஷுவில், வளர்ந்தது நாகசாகி மாகாணத்து இசஹாயாவில். அப்பா, அம்மா இருவருமே ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடியவர்கள். பையனுக்கு மூன்று வயதாகும்போது சொந்தமாக ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பள்ளி ஆரம்பித்தார்கள். அவனுக்கு விளையாட்டுத் திடலும் வீடும் அதுதான். அங்கே இருந்த டிராம்போலினில் குதித்துக் குதித்துத்தான், காற்றில் தலைகீழாக இருக்கும்போதும் தரை எங்கே இருக்கிறது என்ற அந்த உணர்வு அவருக்கு வந்தது. கை காலை வளைக்கக்கூடிய பிங்க் பேந்தர் பொம்மை ஒன்றை வைத்துக்கொண்டு, அதைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு அசைவும் எப்படி வரும் என்று பார்ப்பாராம். பார்த்த வித்தைகளை நோட்டில் படமாக வரைந்தும் வைப்பார். இவ்வளவு இருந்தும் முதல் போட்டியில் அவருக்குக் கிடைத்தது கடைசி இடம். 15 வயதில் வீட்டை விட்டு டோக்கியோவுக்குப் போனார், 2004 ஏதென்ஸில் தங்கம் வென்ற ஜப்பான் அணியில் இருந்த நவோயா சுக்காஹாராவோடு சேர்ந்து பயிற்சி எடுக்க. 15 வயதுப் பிள்ளையை ஊர்விட்டு ஊர் அனுப்பிய அந்தத் தாய் தகப்பனை நான் அடிக்கடி நினைப்பேன்.

2008 பெய்ஜிங். அவருக்கு 19 வயது. ஆல் ரவுண்ட் இறுதிச் சுற்றில் பொமல் ஹார்ஸிலிருந்து இரண்டு முறை விழுந்தார். இறுதிச் சுற்றில் இருப்பதே 24 பேர், இவர் 24-ஆவது இடத்துக்குப் போய்விட்டார். அத்தோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மிச்சமிருந்த ஒவ்வொரு பிரிவிலும் ஒவ்வொரு படியாக ஏறி வெள்ளி வாங்கினார். ஆண்கள் ஆல் ரவுண்டில் ஜப்பானுக்கு 24 வருடத்துக்கு அப்புறம் வந்த ஒலிம்பிக் பதக்கம் அது.

2011-இல் சொந்த நாட்டில், டோக்கியோவில் நடந்த உலகப் போட்டியில் இரண்டாம் இடத்தவரைவிட 3.101 புள்ளி அதிகம் எடுத்தார். இதன் பருமன் புரிய வேண்டுமானால் புள்ளி முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய 'பத்துக்குப் பத்து' முறை 2006-இல் போய்விட்டது. இப்போது வித்தை எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு மதிப்பெண், எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்பதற்குப் பத்திலிருந்து கழித்துக் கழித்து ஒரு மதிப்பெண், இரண்டும் சேர்ந்தது மொத்தம். முழங்கால் லேசாக மடிந்தால் 0.1. இறங்கும்போது சின்னதாக ஓர் எட்டு வைத்தால் 0.1, பெரிய எட்டு 0.3, விழுந்தால் 1. இந்த மாதிரி பத்தில் ஒன்று, பத்தில் மூன்று என்று சண்டை நடக்கிற இடத்தில் மூன்று புள்ளி வித்தியாசம். மற்றவர்கள் எல்லாம் இரண்டாம் இடத்துக்கு ஆடினார்கள் என்றால் மிகையில்லை.

கடினமான வித்தைகளை எடுத்துவைத்தால் சுத்தம் போகும், சுத்தமாக ஆட நினைத்தால் கடினம் குறையும். எல்லாருக்கும் உள்ள இந்தச் சிக்கலை அவர் ஏற்கவே இல்லை. கால் விரல் நுனிவரை நீட்டியிருப்பார், அதையும் உலகத்தின் மிகக் கடினமான வித்தைகளுக்கு நடுவில் நீட்டியிருப்பார். என்னைப் பொறுத்தவரை இதுதான் அவரை மற்ற எல்லாரிடமிருந்தும் பிரிக்கிறது.

சரி, ரியோவுக்கு வருகிறேன். முழுப் பதிலும் நான் இதற்காகத்தான் எழுதுகிறேன்.

2016 ரியோவில் தகுதிச் சுற்றில் ஹை பாரிலிருந்து விழுந்தார். அணி நான்காவதாகத்தான் இறுதிக்கு வந்தது. அணிப் போட்டியின் இறுதியில் ஆறு பிரிவிலும் அவரே ஆடி, ஏதென்ஸுக்கு அப்புறம் ஜப்பானுக்கு முதல் அணித் தங்கத்தை வாங்கிக் கொடுத்தார். அவர் தன் தனித் தங்கத்தைவிட மேலாக ஆசைப்பட்டது இதற்குத்தான். இரண்டே நாள் கழித்து, ஆகஸ்ட் 10 அன்று, ஆல் ரவுண்ட் இறுதி. நம் ஊரில் நள்ளிரவு தாண்டிய நேரம். வீட்டில் எல்லாரும் தூங்க, டிவி சத்தத்தைக் குறைத்துவைத்து நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து பிரிவு முடிந்தபோது உக்ரைனின் ஒலெக் வெர்னியாயெவ் முன்னால் இருந்தார். வித்தியாசம் 0.901. மிச்சம் ஹை பார் மட்டும். உச்சிமுராவுக்கு 27 வயது, உடம்பு அதற்கு முன்பே ஏகப்பட்ட அடி பட்டது. பாரை விட்டுப் பறந்து பிடிக்கிற ஒவ்வொரு முறையும் என் கை என்னை அறியாமல் பாயைப் பிடித்தது. ஆடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு இடுப்புக்கு மேலே முதுகு பிடித்துக்கொண்டது. அது அப்போது எங்களுக்குத் தெரியாது. திரையில் தெரிந்ததெல்லாம் சுழற்சி, கையை விட்டது, உடலை நீட்டியபடியே இரண்டு குட்டிக்கரணம், அதற்குள்ளேயே இரண்டு திருகு, அப்புறம் இரண்டு பாதம். நகரவில்லை. 15.800.

வெர்னியாயெவுக்கு 14.899 போதும், சமனாகிவிடும். அவர் வழக்கமாக எடுக்கக்கூடிய புள்ளிதான். அவர் இறங்கும்போது பாதம் கொஞ்சம் துள்ளியது. 14.800. உச்சிமுரா 92.365, வெர்னியாயெவ் 92.266. ஆறு பிரிவும் முடிந்து வித்தியாசம் 0.099. ஒரு சின்ன எட்டுக்குப் போகிற 0.1-ஐவிடக் குறைவு. எனக்கு அந்த நிமிடத்தில் எங்கள் மாஸ்டர் முகம்தான் வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் பெரியது. பத்திரிகையாளர் சந்திப்பில் ஒருவர் உச்சிமுராவிடம், நடுவர்களுக்கு உங்கள் மேல் அனுதாபம் இருக்கிறதா என்று கேட்டார். தோற்ற கையோடு, ஒரு துள்ளலில் தங்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த வெர்னியாயெவ் குறுக்கிட்டு, இந்தக் கேள்வியே வீண், புள்ளிகள் நியாயமானவை என்று உச்சிமுராவுக்காகப் பேசினார். வெர்னியாயெவுக்கு அப்போது 22 வயது. அந்த ஒரு பதிலால் அவரும் என் மனதில் உயர்ந்துவிட்டார்.

ஒலிம்பிக் முடிந்த அந்த வருடக் கடைசியில் உச்சிமுரா ஜப்பானின் முதல் தொழில்முறை ஜிம்னாஸ்டிக் வீரர் ஆனார். அதன் பிறகு உடம்பு அவரோடு ஒத்துழைக்கவில்லை. 2017 மாண்ட்ரியல் உலகப் போட்டியில் வால்டில் இறங்கும்போது இடது கணுக்கால் போனது, போட்டியிலிருந்து விலகினார். எட்டு வருடத் தொடர் அங்கே முடிந்தது. அதுவும் ஒரு தரையிறக்கத்தில். அப்புறம் தோள் வலி. 2018 தோஹாவில் ஹை பார் வெள்ளி வந்தது. 2019-இல் தேசிய அணியிலேயே இடம் கிடைக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆட வேண்டும் என்பதற்காக மற்ற ஐந்தையும் விட்டுவிட்டு ஹை பாரை மட்டும் வைத்துக்கொண்டார். ஆறும் ஆடினால்தான் ஜிம்னாஸ்டிக்ஸ் என்று நினைத்த மனிதருக்கு அந்த முடிவு எவ்வளவு வலித்திருக்கும்.

2021 ஜூலை 24. கடினமான பறந்து பிடிக்கும் பகுதிகள் எல்லாம் முடிந்துவிட்டன. நாங்கள் மூச்சு விட்டோம். அப்புறம் சாதாரணமாக வர வேண்டிய ஒரு திருப்பத்தில் கை நழுவியது. மெத்தையில் குப்புற விழுந்தார். இறுதிச் சுற்று இல்லை. அந்த ஒலிம்பிக் இடத்துக்கு அவரும் ஹிடெனோபு யோனெக்குரா என்ற வீரரும் சமமாக இருந்து, விதிப்படி இவருக்குப் போயிருந்தது. விழுந்த பின் உச்சிமுரா மன்னிப்புக் கேட்டது, தன்னால் இடம் கிடைக்காமல் போனவர்களிடம். தன் கனவு போனதற்கு அழவில்லை, அவர்களை நினைத்தார்.

அத்தோடு போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்று மாதம் கழித்து, அக்டோபரில், உலகப் போட்டி அவர் பிறந்த கிட்டாக்யூஷுவிலேயே நடந்தது. ஹை பார் இறுதிக்கு வந்தார். நடுவில் சில இடங்களில் கைநிற்பு சரியாக வரவில்லை, பழைய உச்சிமுரா இல்லை என்பது தெரிந்தது. கடைசிச் சுழற்சி, கையை விட்டார், இரண்டு குட்டிக்கரணம், இரண்டு திருகு. பாதம் இறங்கியது. அசையவில்லை. அரங்கமே எழுந்து கைதட்டியது. 14.600, ஆறாம் இடம்.

2022 மார்ச் 12 அன்று டோக்கியோ மெட்ரோபாலிட்டன் ஜிம்னேசியத்தில், 2011-இல் அந்த 3.101 வித்தியாசத்தில் வென்ற அதே அரங்கில், விடைபெறும் நிகழ்ச்சி நடந்தது. அவருக்கு 33 வயது. ஹை பார் மட்டும் ஆடியிருக்கலாம். தோளும் கணுக்காலும் அப்படி இருந்தும் ஆறையும் ஆடினார்.

நேரம் இருந்தால் ரியோ ஹை பார் காணொளியையும் கிட்டாக்யூஷு காணொளியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். சத்தத்தை நிறுத்திவிட்டு, கடைசி மூன்று விநாடி பாதத்தை மட்டும் பாருங்கள்.