குணம் அவருடையது, பதவி உயர்வு யார் கொடுத்தது?

கேள்வி: ராணுவத்தில் கீழே இருப்பவர்களைப் பாடாய்ப்படுத்தும் அதிகாரிகள் ஒன்றிரண்டு பேர் இருக்கத்தான் செய்வார்கள். அது அவரவர் குணம். அதற்காக மொத்த அமைப்பையும் குறை சொல்லலாமா? (வாசகர், வேலூர்)

பதில்: சொல்லத்தான் வேண்டும். குணம் அவருடையது, சரி. அந்தக் குணத்தோடு அவரை மேலே ஏற்றிவிட்டது யார்?

அமெரிக்கக் கடற்படையில் ஹாலி கிராஃப் என்றொரு கேப்டன். 'கௌபென்ஸ்' போர்க்கப்பலின் தலைவராக இருந்தார். மாலுமிகளைக் கொடுமைப்படுத்தினார் என்று விசாரணையில் தெரிந்து, 2010 ஜனவரியில் பதவியைப் பறித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பையனைப் பெஞ்சு மேல் ஏற்றுவதுபோல, பழுத்த அனுபவமுள்ள ஒரு மாலுமியை எல்லோரும் பார்க்கச் சும்மா நிற்க வைத்திருக்கிறார். படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் அது அவருடைய முதல் கப்பல் இல்லை. அதற்கு முன் 'வின்ஸ்டன் சர்ச்சில்' கப்பலை நடத்தியவர். அங்கேயே அவர்மேல் புகைச்சல் இருந்தது. 2003 இராக் போரில் அந்தக் கப்பல் தன் வேலையை முடித்தது. மேலே இருந்தவர்களுக்கு அது போதும். அடுத்து இன்னும் பெரிய கப்பலைத் தூக்கிக் கொடுத்தார்கள்.

அதிகாரியைப் பற்றிய மதிப்பீட்டை எழுதுகிறவர் அவருக்கு மேலே இருப்பவர். அவர் முன்னால் இவர் பணிவின் திருவுருவம். கேட்ட வேலை கேட்ட நேரத்துக்கு முடிந்துவிடும். எப்படி முடிந்தது என்று அடிபட்டவனிடம் யாரும் கேட்பதில்லை. அவனாகப் போய்ச் சொன்னால், மேலதிகாரியைத் தாண்டிப் போனான் என்று அதுவே குற்றமாகிவிடும். இரண்டு மூன்று வருடத்தில் இவருக்கு மாற்றல் வந்துவிடும். கசக்கிப் பிழிந்து வாங்கிய நல்ல பெயர் இவரோடு போகும். மனம் உடைந்த ஆட்கள் அடுத்து வருகிறவர் பொறுப்பு.

அமெரிக்கத் தரைப்படை தன் ஆட்களிடமே கேட்டுப் பார்த்தது. 2011இல் வெளிவந்த அந்த முடிவின்படி, இப்படிப்பட்டவரிடம் மாட்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், 'அவர் இன்னும் மேலே போவார்' என்றார்கள். 18 சதவீதம் பேர் அவரைப் பார்த்துத் தாங்களும் அப்படியே நடந்துகொள்வதாகச் சொன்னார்கள். எனக்கு இந்த 18தான் பெரிய பயம். நாளைய அதிகாரி அங்கேதான் தயாராகிறார்.

2020இல் அவர்கள் ஒரு புது முறையைக் கொண்டுவந்தார்கள். பட்டாலியன் (சில நூறு வீரர்கள் கொண்ட படைப்பிரிவு) தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, கீழே வேலை பார்த்தவர்களிடமும் விசாரித்தார்கள். நேர்முகத் தேர்வில் திரைக்குப் பின்னால் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். முகம் பார்த்து, ஆள் பார்த்து மார்க் போட முடியாதபடி செய்தார்கள்.

நம் ராணுவத்துக்கு வருவோம். வீரர்களை ஆர்டர்லியாக வைத்து வீட்டு வேலை வாங்குவது வெட்கக்கேடு, ஒழித்துவிடுங்கள் என்று நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழு 2008லேயே எழுதிக் கொடுத்தது. அதற்கு ஒன்பது வருடம் கழித்தும், 2017இல், ஒரு வீரர் இதே குறையை வீடியோவில் பேசி வெளியிட வேண்டியிருந்தது.

உங்கள் வேலூர் பக்கம் ஓய்வுபெற்ற ஹவில்தார்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்: "ஐயா, உங்கள் அதிகாரி எப்படி என்று சர்வீஸில் யாராவது ஒரு தடவையாவது உங்களைக் கேட்டார்களா?"