நெப்ராஸ்கா யூனிவர்சிட்டி ஃபுட்பால் டீம் இந்த 2025 சீசன்லயாவது தேறுமா? புதுசா சேர்ற ஸ்டூடன்ட் சீசன் டிக்கெட் வாங்கலாமா?

கேள்வி கேட்ட தம்பி இந்த ஆகஸ்ட்ல லிங்கன் (அமெரிக்கால நெப்ராஸ்கா மாநிலத்துல யூனிவர்சிட்டி இருக்கிற ஊரு) வர்றாராம், எம்.எஸ். படிக்க. சீனியர்ஸ் எல்லாரும் "டீம் பத்து வருஷமா சொதப்புது, காச வேஸ்ட் பண்ணாத"ன்னு சொல்றாங்களாம், உண்மையான்னு கேட்டிருக்கார்.

சொதப்பினது உண்மை. காசு வேஸ்ட்டுங்கிறது தப்பு. டிக்கெட்ட வாங்குங்க. இந்த வருஷம் எட்டு ஜெயிப்போம், நாலு தோப்போம், என் கணக்கு அதுதான். எப்படி இந்தக் கணக்குக்கு வந்தேன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும், ஏன்னா இத ஒமாஹால இருக்கிற ஒரு அண்ணன்கூட ஜூன் மாசத்துல இருந்து வாராவாரம் பேசிப் பேசி தொண்டை வறண்டு போச்சு.

நான் 2014 ஆகஸ்ட்ல இங்க வந்தேன், படிப்பு முடிச்சு இங்கயே வேலை. வந்து ரெண்டு மூணு வாரத்துல ரூம்மேட் இழுத்துட்டுப் போனான், மெக்னீஸ் ஸ்டேட்னு ஒரு சின்ன காலேஜ்கூட மேட்ச். எனக்கு ஒண்ணும் புரியல, இங்க ஃபுட்பால்னா கையில பந்த வச்சிக்கிட்டு ஓடுறதுங்கிறதே அன்னிக்குத்தான் தெரியும். 24-24, முடிய 20 செகண்ட்தான் இருக்கு, அமீர் அப்துல்லான்னு ஒரு பையன் சின்ன பாஸ் ஒண்ண வாங்கி, ஒருத்தன் பிடிக்கிறான் நழுவுறான், இன்னொருத்தன் பிடிக்கிறான் அவன்கிட்டயும் நழுவுறான், 58 கெஜம் ஓடி டச்டவுன் (எதிரணி எல்லைக்குள்ள பந்த கொண்டு போயிடுறது). பக்கத்துல நின்ன முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னக் கட்டிப் பிடிச்சிக்கிட்டாரு. அவரு கண்ணுல தண்ணி. ஊர விட்டு வந்ததுல இருந்து என்னை யாரும் தொட்டுக்கூட பேசல, அன்னிக்கு அவரு பிடிச்ச பிடி இன்னும் ஞாபகம் இருக்கு. அன்னிலேர்ந்து இது என் டீம்.

அந்த வருஷம் ரெகுலர் சீசன்ல 9 ஜெயிச்சு 3 தோத்தோம், அதுக்கே கோச் போ பெலினிய அனுப்பிட்டாங்க. இத்தனைக்கும் அவரு இருந்த ஏழு சீசன்லயும் ஒன்பதுக்குக் குறைஞ்சு ஜெயிச்சதே இல்ல. ஏன் அப்படின்னா இந்த ஊரோட அளவுகோல் வேற. டாம் ஆஸ்போர்ன் 1973ல இருந்து 1997 வரைக்கும் 25 வருஷம் கோச்சா இருந்து 255 மேட்ச் ஜெயிச்சவரு, ஒரு வருஷம்கூட ஒன்பதுக்குக் கீழ போகல, 1994, 1995, 1997னு மூணு தடவ நேஷனல் சாம்பியன். அதுக்கு முன்னாடி பாப் டெவேனி காலத்துல 1970, 1971. அத நேர்ல பார்த்து வளந்த ஆளுங்க இன்னும் ஸ்டேடியத்துல உக்காந்திருக்காங்க, அவங்களுக்கு ஒன்பது வெற்றிங்கிறது கம்மி. 2003லயே ஃப்ராங்க் சோலிச்ச 9-3ல அனுப்பினாங்க. என்னக் கேட்டா இந்த வீழ்ச்சி ஆரம்பிச்சது அங்கதான். ஒரு கோச்சுக்கு அப்புறம் இன்னொரு கோச், ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஸ்டைல், பழைய ஆளு சேர்த்த பசங்க புது ஆளுக்குச் செட்டாகல, அத சரிபண்றதுக்குள்ள அடுத்த ஆளு வந்துடுவாரு. கான்ஃபரன்ஸ் (காலேஜ் டீமுங்க சேர்ந்து ஆடுற லீக்) டைட்டில் கடைசியா ஜெயிச்சது 1999ல.

2017ல இருந்து 2023 வரைக்கும் ஏழு வருஷம் தொடர்ந்து ஜெயிச்சதவிட தோத்ததுதான் அதிகம். அதுலயும் 2021 இருக்கே, அத நினைச்சா இப்பவும் வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது. 3 வெற்றி 9 தோல்வி, அந்த ஒன்பதும் ஒத்த இலக்க வித்தியாசத்துல. மொத்த சீசனையும் கூட்டிப் பார்த்தா எதிரணிங்களவிட நாம எடுத்த பாயிண்ட்தான் அதிகம்! ஆனாலும் 3-9. அடுத்த வருஷம் அயர்லாந்துல, டப்ளின்ல நார்த்வெஸ்டர்ன்கூட 28-17னு முன்னாடி இருக்கோம், அப்பப் போய் ஆன்சைட் கிக்னு (பந்த தூரமா உதைக்காம கிட்டக்கவே உதைச்சு நாமளே எடுக்கப் பாக்குறது) ஒண்ண ட்ரை பண்ணி பந்து அவங்க கைக்குப் போய் 31-28ல தோத்தோம். ரெண்டு வாரம் கழிச்சு ஜார்ஜியா சதர்ன்கிட்ட சொந்த ஸ்டேடியத்துலயே 45-42. மறுநாள் கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட் போயாச்சு. 1997 சாம்பியன் டீமோட க்வாட்டர்பேக் (பாஸ் போட்டு ஆட்டத்த நடத்துறவரு), நம்ம ஊருப் பையன், அவராலயே முடியலயேன்னு அன்னிக்கு ஊரே எழவு வீடு மாதிரி இருந்துச்சு.

இப்ப கோச் மேட் ரூல். 2023ல 5-7, 2024ல 7-6. ஊரு பூரா இந்த சம்மர் பேசுறது ஒரே விஷயம்தான், மூணாவது வருஷம். ரூல் டெம்பிள் யூனிவர்சிட்டில இருந்தப்ப முதல் வருஷம் 2-10, ரெண்டாவது 6-6, மூணாவது 10-4. பேய்லர்ல 1-11, 7-6, அப்புறம் 11-3. இங்க இது மூணாவது வருஷம். சலூன்ல போய் உக்காந்தாலும் இதுதான், ஆபீஸ்லயும் இதுதான்.

ஒமாஹா அண்ணன் இத ஒத்துக்கவே மாட்டேங்கிறாரு. மதுரைக்காரரு, 2001ல இங்க வந்தவரு, அந்த வருஷம் டீம் ரோஸ் பௌல்ல நடந்த நேஷனல் சாம்பியன்ஷிப் மேட்ச் வரைக்கும் போய் மயாமிகிட்ட 37-14ல தோத்தத டிவில பார்த்தவரு. போன மாசம் காருல லிங்கன் வந்துக்கிட்டு இருக்கும்போது சொன்னாரு: "தம்பி, அந்தக் காலத்துல பையன் ஒரு காலேஜ்ல சேந்தான்னா அங்கயேதான் கெடப்பான். மூணு வருஷத்துல வளந்து மரமாயிருவான், கோச்சுக்குப் பேரு கெடைக்கும். இப்பதான் போர்ட்டல்னு ஒண்ண தொறந்து வச்சிருக்காய்ங்களே, நல்லா ஆடுறவன வேற காலேஜ்காரன் காசு காட்டிக் கூட்டிட்டுப் போயிர்றான். டெம்பிள் கதையெல்லாம் இப்ப செல்லாது. அதுவும் பிக் டென்னுங்கிற பெரிய கான்ஃபரன்ஸ்ல ஆடுறோம்யா நாம." நான் சொன்னேன், "அண்ணே, போர்ட்டல்ல போறாங்க சரி, வர்றாங்கல்ல? கென்டக்கில இருந்து டேன் கீ, கலிஃபோர்னியா யூனிவர்சிட்டில இருந்து நைசையா ஹன்டர், பாஸ் பிடிக்கிற ரிசீவர் ரெண்டு பேரு வந்திருக்காங்க." "வர்றவன் அடுத்த வருசம் போக மாட்டான்னு என்ன நிச்சயம்?"னாரு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, அவரு சொன்னதுல நியாயம் இருக்கு. 2025 ஜூலை 1லேர்ந்து யூனிவர்சிட்டியே நேரடியா ப்ளேயருக்குக் காசு கொடுக்கலாம், ஒரு யூனிவர்சிட்டிக்கு முதல் வருஷத்துக்கு 20.5 மில்லியன் டாலர் வரைக்கும். இது பழைய உலகம் இல்லங்கிறது வாஸ்தவம்தான்.

எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் ஒண்ணும் இதுலயே இருக்கு. அந்தப் புது விதில ஒரு டீமுக்கு 105 பேருக்கு மேல கூடாது. நெப்ராஸ்கால வாக்-ஆன்னு ஒரு வழக்கம், ஸ்காலர்ஷிப் இல்லாம, சின்னச் சின்ன ஊருலேர்ந்து விவசாயக் குடும்பத்துப் பசங்க சும்மா வந்து டீம்ல சேர்ந்து, நாலு வருஷம் அடி வாங்கி, கடைசில மெயின் டீம்ல ஆடுற ஸ்டார்ட்டர் ஆவாங்க. ஆஸ்போர்ன் காலத்து டீமுக்கு முதுகெலும்பே அவங்கதான். நான் சொன்னேன்ல கட்டிப் பிடிச்ச பெரியவரு, அவரு நார்த் ப்ளாட் பக்கம் சோளம் போடுறவரு, ஒவ்வொரு ஹோம் மேட்சுக்கும் மூணரை மணி நேரம் ஓட்டிட்டு வருவாரு, அவரு ஊர்ப் பையன் ஒருத்தன் டீம்ல இருந்தா அந்த ஊரே வரும். இனி அந்த மாதிரி இடம் குறையும். ஜெயிக்கிறதவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

சரி, ஏன் எட்டு? போன வருஷத்த (2024) நான் எப்படிப் பாக்குறேன்னா, ஆறு தோல்வில இண்டியானாகிட்ட வாங்கின 56-7 ஒண்ணுதான் அடின்னா அடி. மத்த அஞ்சும் எட்டு பாயிண்ட்டுக்குள்ள. இல்லினாய் ஓவர்டைம்ல 31-24, ஓஹையோ ஸ்டேட் 21-17, யூசிஎல்ஏ 27-20, யூஎஸ்சி 28-20, ஐயோவா 13-10. இண்டியானா அடிச்ச மறு வாரமே கொலம்பஸ்ல போய் ஓஹையோ ஸ்டேட்கூட நாலாவது குவார்ட்டர்ல 17-14னு முன்னாடி இருந்தோம், அந்த ஓஹையோ ஸ்டேட்தான் கடைசில நேஷனல் சாம்பியன்! டீம்ல ஆளு இல்லாம இல்ல. கடைசி நாலு நிமிஷம் நம்ம கையில நிக்க மாட்டேங்குது, வியாதி அதுதான், ஃப்ராஸ்ட் காலத்துல இருந்தே அதுதான்.

ஐயோவா மேட்ச தனியாச் சொல்லணும். 2023ல தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் லிங்கன்ல 13-10ல தோத்தோம், கடைசி செகண்ட்ல அவங்க ஃபீல்டு கோல் (கம்பத்துக்கு நடுவுல பந்த உதைச்சு எடுக்கிற மூணு பாயிண்ட்). அடுத்த வருஷம் அவங்க ஊர்ல, பாதில 10-0ன்னு முன்னாடி இருந்தோம், மறுபடியும் அதே 13-10, மறுபடியும் கடைசி செகண்ட்ல ஃபீல்டு கோல், 53 கெஜத்துலேர்ந்து. ரெண்டு வருஷமும் ஒரே ஸ்கோர், ஒரே மாதிரி சாவு. டிவிய ஆஃப் பண்ணிட்டு வெளிய பனில நடந்தேன், ஒரு மணி நேரம் வீட்டுக்குள்ள வரல.

ஆனா இந்தத் தடவ அந்த வியாதிக்கு மருந்து பார்த்திருக்காங்க. ஸ்பெஷல் டீம்ஸ், அதாவது உதைக்கிறது, உதைச்சத பிடிச்சு ஓடுறது இதெல்லாம் பாக்குற யூனிட்டுக்கு டென்னசிலேர்ந்து மைக் எக்கலர கூட்டிட்டு வந்திருக்காங்க, அவரு பெலினி காலத்துல இங்க இருந்தவர்தான். மூணு பாயிண்ட்ல தோக்குற டீமுக்கு இதவிட முக்கியமான ஆளு வேற யாரு? ரெண்டாவது, அஃபென்ஸ், அதாவது பந்த வச்சிக்கிட்டு பாயிண்ட் எடுக்கப் பாக்குற யூனிட். டேனா ஹோல்கர்சன் போன நவம்பர்லதான் கையில எடுத்தாரு, எடுத்த ரெண்டாவது மேட்சே விஸ்கான்சின 44-25, பத்து தடவ வரிசையா நம்மள அடிச்ச டீம் அது. இப்ப அவருக்கு ஒரு முழு சம்மர் கிடைச்சிருக்கு. மூணாவது, நம்ம க்வாட்டர்பேக் டிலன் ரையோலா. 19 வயசுல முதல் வருஷமே எல்லா மேட்சும் ஆடினான், 13 டச்டவுன் பாஸ், 11 இன்டர்செப்ஷன் (எதிரணி கைக்குப் போன பாஸ்). அந்த 11 பாதியானாலே ரெண்டு மேட்ச் நம்ம பக்கம் சாயும்ங்கிறேன்.

பயம் இல்லன்னு சொல்லல. டிஃபன்ஸ் கோச் டோனி ஒய்ட் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குப் போயிட்டாரு, முன் வரிசைல டை ராபின்சன், நேஷ் ஹட்மாக்கர் ரெண்டு பேரும் முடிச்சிட்டுப் போயாச்சு. அந்த இடத்துல இன்னும் யாரும் நிரூபிக்கல. ஓட்டையான டிஃபன்ஸ வச்சிக்கிட்டு பிக் டென்ல நவம்பர் மாசம் தாண்டறது ரொம்பக் கஷ்டம், குளிர் வந்துட்டா எல்லா டீமும் ஓட்டத்துலதான் அடிக்கும். நாட்டுல டாப் 25 ரேங்க்ல இருந்த டீம் ஒண்ண நாம கடைசியா ஜெயிச்சது 2016ல ஆரிகன், அதையும் அண்ணன் மறக்காம ஞாபகப்படுத்துவாரு.

ஷெட்யூல் நமக்குச் சாதகம். ஓஹையோ ஸ்டேட், ஆரிகன், இண்டியானா நாலு மாசமும் எதிர்ல இல்ல. ஆகஸ்ட் 28 வியாழக்கிழம கேன்சஸ் சிட்டில சின்சினாட்டி, அதான் முதல் மேட்ச், அதுவே கடைசி நாலு நிமிஷ மேட்சாத்தான் இருக்கும்னு என் உள்மனசு சொல்லுது, ஆனா ஜெயிப்போம். அடுத்து ஏக்ரன், ஹூஸ்டன் கிறிஸ்டியன் ரெண்டும் ஜெயிக்கணும். செப்டம்பர் 20 மிச்சிகன், நம்ம ஸ்டேடியத்துல. 2023ல இங்கயே வந்து 45-7 அடிச்சிட்டுப் போய் அந்த வருஷம் சாம்பியன் ஆனவங்க. மிச்சிகன் ஸ்டேட், மேரிலேண்ட், நார்த்வெஸ்டர்ன், யூசிஎல்ஏ நாலையும் நான் ஜெயிப்புல போட்டிருக்கேன். பென் ஸ்டேட்ல போய் ஜெயிப்போம்னு சொல்ல மாட்டேன். மினசோட்டா, யூஎஸ்சி, மிச்சிகன் மூணுல ஒண்ணு கூட வராதுன்னே வச்சிக்கங்க, நவம்பர் 28 ஐயோவா லிங்கன்ல, அது நம்மது. எட்டு.

அண்ணன் ஆறுங்கிறாரு. பெரியவருக்கு போன் போட்டா பத்துங்கிறாரு, அவரு 2021லயும் பத்துன்னுதான் சொன்னாரு, முழு மனசோட சொன்னாரு.

இனி டிக்கெட் விஷயம். 1962லேர்ந்து இந்த ஸ்டேடியத்துல, கொரோனா வந்த 2020 தவிர, எல்லா சீட்டும் விக்காம ஒரு மேட்ச்கூட நடந்ததில்ல, 400 மேட்ச தாண்டிடுச்சு, அந்த 3-9 வருஷத்தையும் சேர்த்துத்தான். மேட்ச் அன்னிக்கு ஒமாஹா, லிங்கனுக்கு அடுத்து மாநிலத்துலயே மூணாவது பெரிய ஊரு இந்த ஸ்டேடியம்தான்னு சொல்லுவாங்க. மாநிலத்துக்கு என்எஃப்எல் (ப்ரொஃபஷனல் ஃபுட்பால் லீக்) டீம் கிடையாது, எல்லாருக்கும் இது ஒண்ணுதான். தோத்துட்டுப் போற எதிர் டீமுக்கும், நம்மள ஜெயிச்சிட்டுப் போற டீமுக்கும் எழுந்து நின்னு கை தட்டுவாங்க, அத நேர்ல பாருங்க. ஸ்டூடன்ட் டிக்கெட் விக்க ஆரம்பிச்ச உடனே வாங்கிடுங்க, லேட்டானா கிடைக்காது. சிவப்பு டிஷர்ட் ஒண்ணு எடுத்துக்கங்க, செப்டம்பர்ல வெயில் கொளுத்தும், தண்ணி நிறைய குடிச்சிட்டு வாங்க, ஸ்டூடன்ட் செக்ஷன்ல மேட்ச் பூரா நின்னுக்கிட்டேதான் பாக்கணும். ஐயோவா மேட்சுக்கு தெர்மல் போடாம வந்துடாதீங்க, காலுக்கு ரெண்டு சாக்ஸ். ரூல்ஸ் புரியலன்னா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, ஹூஸ்டன் கிறிஸ்டியன் மேட்சுக்கு முன்னாடி ஒரு நாள் உக்காந்து சொல்லித் தர்றேன்.