வெல்ஷ் டிவியில் வேலை: கார்டிஃப் பெற்றோருக்கு ஒரு பதில்

வேல்ஸின் மொழியான வெல்ஷ் வழியில் நடக்கும் பள்ளியில் படிக்கும் மகள் அந்த மொழியின் ஊடகத்துறைக்கே போக விரும்புகிறாள், எதிர்காலம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விடலாம். ஆனால் எஸ்ஃபோர்சி (S4C) என்ற ஒரு வெல்ஷ் மொழி டிவி சேனலை மட்டும் மனத்தில் வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

1982 நவம்பர் 1 அன்று தொடங்கிய அந்தச் சேனல் நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் தானே எடுப்பதில்லை; வெளிக் கம்பெனிகளிடம் கொடுத்து எடுக்கச் செய்கிறது. செய்தியும் 1974 முதல் ஓடும் 'போபல் அ கும்' தொடரும் பிபிசியிடமிருந்து வருகின்றன. அதனால் கார்மார்த்தனில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு மட்டும் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண். வடக்கு வேல்ஸில் உள்ள கார்னார்வனில் கும்னி டா, தெற்கில் லானெல்லியில் டினோபொலிஸ் போன்ற கம்பெனிகளில்தான் ஆரம்பநிலை வேலைகள் பிறக்கின்றன. நீங்கள் கார்டிஃபில் இருந்தாலும் மகள் வடக்கே போய்த் தங்க நேரலாம். அதற்கு இப்போதே மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2022 முதல் சேனலுக்கான பொதுப்பணம் முழுவதும், டிவி பார்க்கும் வீடுகள் கட்டும் டிவி லைசன்ஸ் கட்டணத்திலிருந்து வருகிறது. அந்தக் கட்டணத்தை வாங்கும் பிபிசியின் இப்போதைய சாசனம் 2027 டிசம்பரில் முடிகிறது; அதற்குப் பிறகு என்ன என்பதில்தான் கேள்வி. பணம் இறுகினால் முதலில் அடிபடுவது படத்துக்குப் படம் ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள்தான், புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த வகை. அதே சமயம், 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் வெல்ஷ் பேசுவோர் சுமார் 5,38,000 பேர், அதாவது மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் 17.8 சதவீதம். கேமரா, ஒலி, எடிட்டிங் தெரிந்து வெல்ஷும் தெரிந்தவர்கள் அதிலும் சிறு பகுதி. 'அ குய்ல்' என்ற துப்பறியும் தொடரில் காட்சிகளை வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிப் படமாக்கினார்கள். அத்தகைய செட்டில் இரு மொழியும் தெரிந்த உதவியாளருக்கு மதிப்பு அதிகம்.

இனி முக்கியமான இடம். வீட்டில் வெல்ஷ் பேசாத பிள்ளைகள் சறுக்குவது பேச்சில் அல்ல, எழுத்தில். நம் தமிழ் இலக்கணப் புணர்ச்சியில் சொற்கள் சேருமிடம் மாறுகிறது; வெல்ஷில் சொல்லின் முதலெழுத்தே மாறும். 'கைர்டீத்' என்ற கார்டிஃப், 'கார்டிஃபில்' என்று சொல்லும்போது 'ஙைர்டீத்' ஆகிவிடும். பேச்சில் தவறினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சப்டைட்டிலிலோ செய்திக் குறிப்பிலோ தவறினால் உடனே தெரியும். பதினாறு வயதில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் படிப்புக்கு வெல்ஷை விட்டுவிட்டால் இருபதுக்குள் எழுத்து துருப்பிடிக்கும். தயவுசெய்து விட வைக்காதீர்கள். மதிப்பெண்ணுக்கு வேறு பாடம் எளிது என்று தோன்றும், அந்த ஆசைக்கு இணங்க வேண்டாம்.

பல்கலைக்கழகத்தில் முழுப் படிப்பும் வெல்ஷில் இருக்க வேண்டியதில்லை. ஆண்டுப் பாடங்களின் மொத்த அளவான 120 கிரெடிட்டில் 40 வெல்ஷில் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். வெல்ஷ் வழி உயர்கல்வியை வளர்க்கும் கோலெக் கம்ராயிக் கெனெட்லைதோல் அமைப்பின் உதவித்தொகைகளுக்கு அந்த விகிதம் கைகொடுக்கும். தொகையும் கடைசித் தேதியும் ஆண்டுதோறும் மாறலாம், சேரும் முன் கேளுங்கள்.

இடையில், மாதம் ஒரு நிமிட வீடியோ ஒன்று: தானே எடுத்து, வெட்டி, இரு மொழி சப்டைட்டில் போட்டது. எஸ்ஃபோர்சியே 'ஹான்ஷ்' என்ற பெயரில் இளைஞர்களுக்குக் குறுவீடியோ வெளியிடுகிறது. சான்றிதழைவிட இந்த ஆறேழு வீடியோக்களைத்தான் கம்பெனிக்காரர்கள் பார்ப்பார்கள். எழுத்துப் பிழையை ஆசிரியரிடம் காட்டித் திருத்திய பிறகே அனுப்பட்டும்.

ஓட்டுநர் உரிமமும் அவசியம். படப்பிடிப்புகள் பஸ் போகாத இடங்களில் நடக்கும். ஃப்ரீலான்ஸ் வருமானம் வரி ஆண்டில் 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த ஆண்டு முடிந்தபின் வரும் அக்டோபர் 5-க்குள் வரித்துறையில் பதிய வேண்டும்.